எழுபதுக்குக் கீழே

நான் வேலை பார்த்த நர்சிங் ஹோமில் மில்லி, கிராம் என்று சேர்க்காமல் வெறும் எண்ணை மட்டும் யாரும் வாயால் சொல்ல மாட்டோம். சொன்னால் அடி விழும். அடிப்பவர் எங்கள் ஹெட் சிஸ்டர்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைப் பார்த்துவிட்டேன். செங்கம் ரோட்டில் இருந்தது அந்த நர்சிங் ஹோம். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைதான் லேப். உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் டமார் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் ஸ்டீல் ட்ரே ஒன்று தரையில் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு நர்ஸ் நெற்றியைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். விரலிடுக்கில் ரத்தம்.

"அஞ்சு போட்டேன்னா என்னாடி அர்த்தம்? அஞ்சு மில்லியா, அஞ்சு மில்லிகிராமா, அஞ்சு யூனிட்டா? அஞ்சு மாடா?"

"மில்லி, சிஸ்டர்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா கேடு?"

பிறகு ஹெட் சிஸ்டரே அந்தப் பெண்ணை உட்காரவைத்து, காயத்தைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டினார். "ஒண்ணர சென்டிமீட்டர். தையல் வேணாம்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். நல்ல உயரம், ஒல்லி உடம்பு. புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். உடம்புக்குப் பொருந்தாத பெரிய உள்ளங்கை. ஸ்பிரிட்டில் ஊறி ஊறி வெளுத்துப்போன கை. அது எப்போது எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நர்சுகளை அடித்திருக்கிறார். அட்டெண்டர்களை அடித்திருக்கிறார். அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு, "பாதி குடுத்தேன்" என்று சொன்ன ஒரு பேங்க் உத்தியோகஸ்தரை, எதில் பாதி என்று கேட்டுக்கொண்டே முதுகில் ஓங்கிக் குத்தினார்.

என்னை மட்டும் அவர் தொட்டதில்லை. என் ரிசல்ட் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அளவும் அச்சாகியிருக்கும். அதனால்தான் தப்பித்தேன் போலிருக்கிறது. என் பெயரை அவர் சொன்னதே இல்லை. "லேபு" என்றுதான் கூப்பிடுவார்.

டாக்டர் அவரை ஒன்றும் சொல்ல மாட்டார். "சிஸ்டர், என்னிக்காவது கேஸ் வரப்போவுது" என்பார் சிரித்துக்கொண்டு. அந்த வார்டில் மருந்து மாறியோ அளவு மாறியோ ஒருவருக்கும் எதுவும் ஆனதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு முறை, ஆசிரமப் பக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்கு வீடு வாடகைக்கு விடும் ஒருவர் சிஸ்டருக்குப் போன் செய்தார். அவருடைய வீட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. தன் ஊரிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரில் அந்த வெள்ளைக்காரரே பார்த்திருக்கிறார்.

"முப்பத்தொம்பதுதான் காட்டுதுங்க. நார்மலு தொண்ணூத்தெட்டாச்சே, உடம்பு ஜில்லுனு ஆயிடுச்சுபோலனு நாலு கம்பளி போத்தி வெச்சிருக்கேன்."

"யோவ்! அது செல்சியஸ்யா! நம்ம அளவுல நூத்திரெண்டு! கம்பளிய எடு. எடுத்தியா? ஈரத்துணி போடு. அந்தாளு செத்தான்னா உன்ன அந்தக் கம்பளியில சுத்தி வெயில்ல போடுவேன்."

ரிசீவரை வைத்த வேகத்தில் அதன் முனை விண்டுபோயிற்று. கடைசிவரை அந்தப் போனில் டேப் சுற்றியே பேசினோம்.

மதியச் சாப்பாட்டை அவர் என் லேபில்தான் சாப்பிடுவார், நின்றுகொண்டே. அப்போது மட்டும் கொஞ்சம் பேசுவார். ஒரு நாள் அவருடைய வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"குடிப்பான். குடிகாரன்னு சொன்னா யாருக்கு என்னா புரியும்? நூத்தி எம்பது மில்லி குடிச்சா கத்துவான். முந்நூத்தி அறுபது போனா கை நீட்டுவான். ஐநூறு தாண்டினா விழுந்துடுவான். நடுவுல இருக்கறதுதான் பேஜாரு."

"நீங்க என்னா பண்ணுவீங்க?"

"பாட்டில பாப்பேன். எவ்ளோ மிச்சம்னு பாத்துட்டு, பக்கத்து வீட்டுக்குப் போறதா வேணாமானு முடிவு பண்ணுவேன். பத்து வருஷம் அப்டித்தான் ஓடிச்சு."

தயிர் சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஒரு நாள் நடுவுல நின்னுது. நானூத்தி இருவது மில்லி. கால்ல பலம் இல்ல, கைல பலம் இருக்குது. அன்னிக்குத்தான் நான் திருப்பி அடிச்சேன். தோசக்கல்லு. மூணு பல்லு போச்சு. அடுத்த வாரம் பெங்களூரு போனவன்தான்."

சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போனார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

இனி அந்த வாட்ச்மேனையும் அவர் மனைவியையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர்கள் அடி அண்ணாமலைக்காரர்கள். ஆசிரமப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தங்கியிருந்த வீட்டுக்கு அவர் காவல். மெதுவாகப் பேசுகிற ஆள், ஐம்பது வயதிருக்கும். மனைவிக்குச் சர்க்கரை வியாதி, ஊசி போட்டுக்கொள்பவர்.

ஒரு நாள் காலையில் வாட்ச்மேனின் மனைவியை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. பிடித்தவர்களை எல்லாம் உதைத்தார், கடித்தார். வாட்ச்மேனின் முன்கையில் பல் பதிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாளின் ஜாக்கெட் கிழிந்து, முதுகில் வரிவரியாகத் தடிப்பு. பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி, அவருடைய தம்பிகள் இரண்டு பேர் வேப்பங்கொம்பால் அடித்திருந்தார்கள்.

சிஸ்டர் விரலைக் குத்தப் போனார். வயிற்றில் ஓர் உதை வாங்கிப் பின்னால் சாய்ந்தார். எழுந்து, அந்த அம்மாளின் கைமேல் முழங்காலை வைத்து அழுத்திக் குத்தினார்.

"முப்பத்தெட்டு மில்லிகிராம்! குளுக்கோஸ் எடு!"

சர்க்கரை அவ்வளவு இறங்கினால் மூளை தடுமாறும். அடிப்பார்கள், கடிப்பார்கள், தன் பிள்ளையையே தெரியாது. குளுக்கோஸ் ஏறிய சில நிமிஷத்தில் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்து, "எஞ்சாக்கெட்டு ஏன் கிழிஞ்சிகீது?" என்று கேட்டார்.

சிஸ்டர் வெளியே போனார். "அடிச்சவன் எவன்டா?"

சின்னத் தம்பி தலையைக் குனிந்தான். பளார் என்று ஓர் அறை. மீசை வைத்த, கட்டுமஸ்தான ஆள். வராந்தா முழுக்க ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கண் சிவந்துபோய் வெளியே நடந்தான்.

அதற்குப் பிறகு வாட்ச்மேனை உட்காரவைத்துப் பேசினார். அவருக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. கடி வாங்கியும் மனைவியின் கையை அவர் விட்டிருக்கவில்லை.

"சக்கர பாக்கற மிஷின் ஒண்ணு வாங்கி வெச்சிக்க. ஒரு மாதிரி இருந்தா உடனே குத்திப் பாரு. எழுபதுக்குக் கீழ போனா சக்கர குடு. யோசிக்காத. ஆளக் கூப்புடாத. மொதல்ல சக்கர."

"எழுபதுக்குக் கீழ போனா சக்கர" என்று வாட்ச்மேன் திருப்பிச் சொன்னார். படி இறங்கும்போதும் சொல்லிக்கொண்டே போனார்.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு மதியம், வாசலில் ஆட்டோ ஒன்று கிறீச்சென்று வந்து நின்றது. வாட்ச்மேன் மனைவியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். இந்த முறை அந்த அம்மாள் உதைக்கவில்லை, கடிக்கவில்லை. கை தொங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு மட்டும் பெரிது பெரிதாக ஏறி இறங்கியது. வாயிலிருந்து அழுகின பழ வாடை. காலில் ஒரு துணிக்கட்டு, அதில் சீழ் ஊறியிருந்தது.

அந்த வாடையை மோந்த உடனே சிஸ்டரின் முகம் மாறியது. "சக்கர எவ்ளோ இருந்தது?"

"காலைல பத்தொம்பது புள்ளி நாலுங்க. சக்கரத்தண்ணி குடுத்தேன். இருவத்திமூணு ஆச்சு. ஏறுதேனு குளுக்கோஸ் பவுடரு ஒரு டப்பா கலக்கிக் குடுத்தேன். இருவத்தெட்டு வந்துச்சுங்க. அப்பறம் நம்பரே காட்டல, ஏதோ இங்கிலீஷ் எழுத்துதான் வருது. எழுபது வரவே இல்லீங்க சிஸ்டரம்மா!"

"இருவத்தெட்டு என்னா?"

வாட்ச்மேன் விழித்தார்.

"இருவத்தெட்டு என்னானு கேக்கறேன்! எங்க மிஷினு?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நம்மூர் மிஷின் இல்லை. அந்த வெள்ளைக்கார அம்மாள் ஊருக்குப் போகும்போது தன்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாட்ச்மேனின் பழைய மிஷினில் ரத்தம் தொட்டுச் செருகும் பட்டை தீர்ந்திருந்ததால் அன்றைக்குத்தான் இதை முதல் முறையாகத் திறந்திருக்கிறார். நம்மூரில் ரத்தச் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்வோம். சில நாடுகளில் மில்லிமோல் என்று வேறு ஒரு கணக்கு. அங்கே ஒன்று என்றால் இங்கே பதினெட்டு. அவர் பார்த்த பத்தொன்பது புள்ளி நாலு, நமக்கு முந்நூற்று ஐம்பது. இருபத்தெட்டு, ஐந்நூற்றுக்கு மேல். மிஷினால் அளக்க முடியாத அளவுக்கு ஏறியதால்தான் எண்ணுக்குப் பதில் எழுத்து வந்திருக்கிறது. கால் புண்ணால் தாறுமாறாக ஏறியிருந்த சர்க்கரைக்கு மேல், இறங்கிவிட்டது என்று நினைத்து, காலையிலிருந்து சர்க்கரையாக ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

சிஸ்டரின் கை எழுந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. வாட்ச்மேன் பக்கவாட்டில் போய்ச் சுவரில் மோதினார்.

"கொன்னுட்டியேடா! மில்லிமோல்னு போட்டிருக்குதே, கண்ணு அவிஞ்சா போச்சு? அளவு பாக்காம குடுப்பியா?"

வாட்ச்மேன் கன்னத்தைக் கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க. எழுபதுக்குக் கீழ போனா சக்கர குடுன்னு."

அங்கே நர்ஸ் இருந்தாள், அட்டெண்டர் இருந்தார், நான் இருந்தேன். எல்லோருக்கும் அது கேட்டது. எழுபது என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். எழுபது என்ன என்று சொல்லவில்லை.

சிஸ்டர் திரும்பி, நரம்பு தேடி ஊசி குத்தினார். சலைன் ஏறியது. டாக்டர் ஓடிவந்தார், இன்சுலின் போனது. ஒவ்வொன்றையும் சிஸ்டர் அளவோடு உரக்கச் சொல்லித்தான் போட்டார். குரல்தான் அவருடையது மாதிரி இல்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் அந்த அம்மாளை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

வாட்ச்மேன் ஆம்புலன்ஸில் ஏறப் போனபோது தம்பிகள் வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் தங்கள் அக்காவுக்குச் சர்க்கரையைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்று ஆட்டோக்காரர் மூலமாக அதற்குள் செய்தி போயிருந்தது. ஆம்புலன்ஸ் அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது. வாசலிலேயே அவரைத் தள்ளிப் போட்டு மிதித்தார்கள். அவர் முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தார். கூட வந்தவர்கள் கல்லை எடுத்து வீச, என் லேபின் ஜன்னல் கண்ணாடி உள்ளே வந்து விழுந்தது.

"விடுங்கடா அவர!" சிஸ்டர் நடுவில் போய் நின்றார். "அவரு மேல தப்பு இல்ல. நான்தான் சொன்னேன். எழுபதுக்குக் கீழன்னா குடுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அளவ சொல்லல. தப்பு என்னுது."

சின்னத் தம்பி அவரை அடையாளம் கண்டுகொண்டான். அன்று கன்னத்தில் வாங்கியவன். வராந்தாவில் இருந்த சலைன் ஸ்டாண்டை, அந்த இரும்புக் கம்பியை, இரண்டு கையாலும் தூக்கினான்.

சிஸ்டர் நகர்ந்திருக்கலாம். ஓங்கி வருவது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கையையாவது குறுக்கே வைத்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை. கம்பி வலது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கட்டையை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் மாதிரி. அவர் உட்கார்ந்தார். அடித்தவனே பயந்துபோய் ஸ்டாண்டைக் கீழே போட்டான்.

போலீஸ் வந்தது. "கம்ப்ளெய்ன்ட் கெடையாது" என்றார் சிஸ்டர். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நானும் அவன அடிச்சிருக்கேன் சார். அந்த வாட்ச்மேன் மூஞ்சியப் பாருங்க, அவரையும் அடிச்சிருக்கேன். எழுதறதுன்னா எல்லாத்தையும் எழுதுங்க." போலீஸ் எதையும் எழுதவில்லை.

இதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று யாராவது நினைத்தால் அது சரியல்ல. தோள் கட்டைப் பிரித்து வேலைக்கு வந்த மாதத்திலேயே ஒரு அட்டெண்டர்மேல் பிளாஸ்கை வீசினார். இடது கையால் வீசியதால் குறி தப்பியது. நான் சொல்ல வந்தது, அந்தக் கட்டோடு அவர் அடி அண்ணாமலைக்குப் போன கதையை.

அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டிவந்தது. வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், "லேபு, நீ கூட வா" என்றார் சிஸ்டர். மறுத்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. ஆட்டோவில் போனோம். கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஷீட் போட்ட வீடு. வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. கட்டிலில் அந்த அம்மாள், பாதியாக இளைத்துப்போய்.

"யாருய்யா?"

"ஆஸ்பத்திரி சிஸ்டரும்மா."

அந்த அம்மாள் சிஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். கட்டுப் போட்ட தோளைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நீதான் எம்புருசன அடிச்சவளா?"

"ஆமாம்மா."

"எந்தம்பிங்களும்தான் மிதிச்சானுங்க. அதெல்லாம் ஆறிப்போச்சு. நீ அடிச்சது ஆறலியே. எடது காதுல தண்ணி மாதிரி வடியுது. இந்தாண்ட படுத்துக்கினு கூப்ட்டா திரும்ப மாட்டேங்கறாரு. ராவுல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கொரலு அவருக்குக் கேக்கணுமா வேணாமா? நீ சொன்னதத்தான் செஞ்சாரு. நீ சொன்னதச் செஞ்சவர நீயே அடிப்பியா?"

"ஏய், சும்மா இரு" என்றார் வாட்ச்மேன்.

"நீ சும்மா இருய்யா. அவ சொல்லட்டும்."

சிஸ்டர் எழுந்து வாட்ச்மேனிடம், "வா, காதக் காட்டிட்டு வரலாம்" என்றார். அவர் வேண்டாம் என்று மழுப்பினார். "இட்டுக்கினு போவட்டும். போய்யா" என்றார் கட்டிலில் இருந்தவர்.

டவுனில் ஒரு காது டாக்டரிடம் போனோம். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வலது காதுக்கு டக் டக்கென்று அமுக்கினார். இடது காதுக்கு மாற்றினார்கள். அவர் பொத்தானில் விரலை வைத்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ்ட் எடுக்கும் பையன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். அவர் அசையவில்லை. சிஸ்டர் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போய் நின்றார்.

வெகுநேரம் கழித்து விரல் அமுங்கியது.

"நாப்பது டெசிபல் மேடம்" என்றான் பையன்.

"டெசிபல்னா?" சிஸ்டர் தயங்கிக் கேட்டார். "அது எத அளக்கறது? எனக்குச் சரியாத் தெரியாதுப்பா."

"சத்தத்தோட அளவு மேடம். அந்தக் காதுல நாப்பதுக்கு மேல போனாத்தான் அவருக்கு விழுது. ரோட்டுல கத்தினா கேக்கும். வீட்டுல பக்கத்துல படுத்துக்கினு மெதுவா பேசறோம் பாருங்க, அது கேக்காது."

"திரும்பி வருமா?"

"சில பேருக்குத் தானா மூடிக்கும். இல்லனா ஆபரேஷன் பண்ணணும். டாக்டர் சொல்லுவாரு."

வெளியே வந்தோம். பஸ்களும் ஆட்டோக்களும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வாட்ச்மேன், "என்னா சொன்னாருங்க?" என்று கேட்டார். சிஸ்டர் ஏதோ சொன்னார். வாட்ச்மேன் காதில் விழவில்லை. அவர் எதிரே போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் கட்டுப் போட்ட தோளோடு அவருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றார்.

"நாப்பது டெசிபல் போயிடுச்சாம்யா. நான் அடிச்சதுல."

வாட்ச்மேன் இடது காதைத் தொட்டுப் பார்த்தார்.

"அது ஜாஸ்திங்களா, கம்மிங்களா?"

சிஸ்டருக்குக் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"ஜாஸ்தி" என்றார். "ஜாஸ்திதான்யா."

வாட்ச்மேன் தலையை ஆட்டிவிட்டு, ஆட்டோ கூப்பிட ரோட்டோரம் போனார்.